மாதிரிக்கு மட்டும்

பிஷ்கெக்
ஏப்ரல் 9

சாய்கால் அக்காவுக்கு,

சலாம். போனில் பேசினால் நாம் ரெண்டு பேரும் கத்திவிட்டுத்தான் வைக்கிறோம். அதனால் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

நலமாக இருக்கிறாயா? சோங்-சாயில் இன்னும் பனி கிடக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைக் கண்டு நடுங்குகிறார்களா? எனக்குத் தெரிந்து உனக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் கம்பெனித் தலைவர் எர்கின்பெக்தான். அதனால்தான் நீ அந்தப் பள்ளத்தாக்கில் டீச்சராக இருக்கிறாய், நான் இங்கே உன் நாற்காலியில் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. யாராவது உட்கார வேண்டிய நாற்காலிதானே அது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதத்துக் கிளவுட் பில்லைப் பார்த்ததிலிருந்து தலைவர் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. "வாடகை சர்வருக்குக் கொட்டிக் குடுக்குற காசுக்கு நான் ஒரு குதிரை மந்தையே வாங்கியிருப்பேன்டா. குதிரையாவது பால் குடுக்கும். கோடைக்குள்ள பாதியாக்கு. இல்லன்னா உன்னையும் சேர்த்துப் பாதியாக்கிடுவேன்" என்கிறார்.

எதைப் பாதியாக்குவது? ஆஸ்பத்திரிக்கு, நீர் வாரியத்துக்கு, வானிலைக்காரர்களுக்கு என்று நீ எழுப்பி வைத்த சேவைகள் காடு மாதிரி கிடக்கின்றன. எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று இங்கே ஒருவனுக்கும் தெரியாது. பாதிக்குக் குதிரைப் பெயர், பாதிக்கு உன் கேலிப் பெயர். மேசையைக் காலி செய்த அன்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பரவாயில்லை, எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. கிளவுட்காரர்களின் பக்கத்திலேயே மாதிரி நிர்வாகக் கருவிகள் என்று ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். இலவசம். ஒன்று எல்லாச் சேவைகளையும் வரிசையாகக் காட்டும். ஒன்று சும்மா கிடப்பதை அணைக்கும். மூன்றாவது ஒரு துடைப்பம். எந்த லேபிள் ஒட்டியிருப்பதை எறியலாம் என்று சொல்லிவிட்டால் பேக்கப்போடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி: இது மாதிரிக்கு மட்டும், உண்மையான இடத்தில் ஓட்டினால் விளைவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று. மாத்திரை அட்டையில் கூடத்தான் அப்படி எழுதியிருக்கிறது. நாம் முழுங்காமலா இருக்கிறோம்?

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஏரி பத்திரமாக இருக்கிறது. மலைமேல் பனி ஏரி உடையப்போனால் உங்கள் ஊரை எழுப்புகிற மூஸ்-கோல் ஏரி அலாரத்தை முதல் வேலையாகப் பூட்டி வைத்துவிட்டேன். எந்தக் கருவியும் அதைத் தொட முடியாது. உன் தம்பி அவ்வளவு நன்றி கெட்டவன் இல்லை.

மற்றதில் எதை வைக்கலாம், எதை எறியலாம் என்று ரெண்டு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

மெதெர்


சோங்-சாய்
ஏப்ரல் 17

மெதெர்,

நலம். பனி கிடக்கிறது. பிள்ளைகள் நடுங்கவில்லை, உன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது யார்? ஏரி அலாரத்தை மலிவான சர்வருக்கு மாற்றக் கூடாது என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். எதிரே நீ தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாய். "உங்க அக்காவுக்கு ஓய்வு வேணும் போல இருக்கே" என்று எர்கின்பெக் உன்னைப் பார்த்துச் சொன்னபோது தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். உன்னை அந்த ஆபீசுக்குக் கைபிடித்து அழைத்துப் போனவள் நான்.

கருவி பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். அந்தத் துடைப்பத்தை எழுதியவன் எங்கோ உட்கார்ந்து, ஒரு பொய் வீட்டைக் கட்டி, அதில் பொய்க் குப்பையைப் போட்டு, அதைப் பெருக்கிக் காட்டியிருக்கிறான். அவன் வீட்டில் குப்பை குப்பையாகத்தான் இருக்கும். நம் வீடு அப்படியா? ஒவ்வொன்றையும் கையால் திறந்து பார். நேரமாகும், ஆகட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

ஏரியைப் பூட்டி வைத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது போதும். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுப் போனும் அந்த அலாரத்தை நம்பித்தான் தலைமாட்டில் கிடக்கிறது. சைரன் கம்பம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். கம்பம் யார் வயிற்றுக்குள் நின்றுவிட்டதோ தெரியவில்லை.

சாய்கால்


பிஷ்கெக்
மே 24

அக்கா,

திட்டி எழுதினாலும் எழுதினாயே, அதற்கே ஒரு சலாம்.

வேலை முடிந்தது! கையால் திறந்து பார் என்றாய். பார்க்க ஆரம்பித்தேன். நாலு நாளில் கண் பூத்துப்போய்விட்டது. தலைவர் வாசலில் நின்று, "என்ன மெதெர், ஒவ்வொரு சர்வருக்கும் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு துடைப்பத்தையே எடுத்துவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை, பயப்படாதே. அதில் ஒத்திகை என்று ஒன்று இருக்கிறது. எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்று மட்டும் சொல்லும். எறிய வேண்டிய லேபிள்களை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனை, பழையது, தற்காலிகம், குப்பை. நம் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதினேன். ஒத்திகையில் வந்ததைப் பார்த்தேன். எல்லாம் உன் பழைய கந்தல்தான். குப்பை என்று நீயே லேபிள் ஒட்டி வைத்ததை நான் ஏன் மறுபடி கிளறிப் பார்க்க வேண்டும்? ஓட்டிவிட்டேன்.

பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தலைவர் ஆபீசுக்கே சம்சா வாங்கிக் கொடுத்தார், ஆட்டுக்கொழுப்பு வடிய வடிய. என்னைக் கட்டிப்பிடித்தார். உன் நாற்காலி இப்போதுதான் எனக்குப் பழகுகிறது என்று தோன்றியது. இதை எழுதினால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்?

மெதெர்


சோங்-சாய்
ஜூலை 3

மெதெர்,

உன் சம்சா கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் உன்னைக் கொஞ்சுவதற்காக எழுதவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் அலாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பும். ஏரி நலம், நானும் நலம் என்று. அது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. வேலையை விட்டுப் போனவள் என்று என் எண்ணை எடுத்துவிட்டாய் என நினைத்தேன். கதவிலிருந்து என் பெயரைப் பெயர்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னிடம் கேட்பதா என்ற வீம்பு.

ஆனால் இந்த வருடம் வெயில் சரியில்லை. ஜூன் முழுக்க மலை கொதித்தது. ஓடை மத்தியானத்தில் பால்காபி நிறத்தில் வருகிறது. போன வருடம் இதே நாட்களில் ஊர்ப் போன்கள் ஒருமுறை முனகின. தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டிருக்கிறது, கவனம் என்று. இந்த வருடம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுத் துய்ஷோ தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொல்கிறான்: "டீச்சர், உங்க ஏரி இந்த வருஷம் ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு. ஒரு சத்தம் இல்ல."

அந்தச் சத்தமில்லாததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அலாரத்தைத் திறந்து பார். என் எண்ணை எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல். சந்தோஷப்படுவேன்.

சாய்கால்


பிஷ்கெக்
ஜூலை 4

அக்கா,

உன் எண்ணை நான் எடுக்கவில்லை.

காலையில் உன் கடிதத்தைப் படித்ததும் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தேன். மூஸ்-கோல் என்று அழகாகப் பெயர் போட்டு, பூட்டெல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கூடு. சென்சாரிலிருந்து ஒரு வார்த்தைகூட அதற்குள் வந்து வருடக்கணக்காகிறது. நான் இத்தனை நாள் பொக்கிஷம் மாதிரி காத்துக்கொண்டிருந்தது ஒரு செத்த கூட்டை.

பிறகு துடைப்பம் தள்ளியதன் பதிவைத் தேடினேன். ஏரியில் இருக்கும் சென்சாரின் எண்ணை வைத்துத் தேடியதில் ஒரே ஒரு சேவை வந்தது. லேபிள்: தஷ்தாந்தி.

பிஷ்கெக்கில் தெருத்தெருவாகக் குப்பைத் தொட்டி மேல் எழுதியிருக்கும் சொல்லை எடுத்து ஒட்டி, அதற்குள் ஒரு பள்ளத்தாக்கையே வைத்திருந்தாயா? ஏன்? எந்தப் பைத்தியமாவது இப்படிச் செய்யுமா? நான் எழுதிக் கொடுத்த சொற்களில் அதுவும் ஒன்று. நான்தான் எழுதிக் கொடுத்தேன். மே மாதமே போய்விட்டது. பேக்கப்பும் போய்விட்டது. துடைப்பம் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது.

தட்டச்சு பிழையாக விழுகிறது. மே கடைசியிலிருந்து அந்த ஏரியை யாரும் பார்க்கவில்லை, அக்கா. சென்சார்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்பதற்குத்தான் காது இல்லை.

திரும்பக் கட்டுகிறேன். உன் பழைய நிரல் ஏதாவது உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. தயவுசெய்து மேலே போய் யாராவது தண்ணீரைப் பாருங்கள்.

மெதெர்


சோங்-சாய்
ஜூலை 6

மெதெர்,

நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. கோட்டையே தண்ணீருக்கு அடியில் குனிந்துதான் தேட வேண்டியிருந்தது. ஏரியைத் தடுத்து நிற்கும் பனிச்சுவரின் ஓரத்தில் கல் சரிந்து சரிந்து விழுகிறது. அங்கே உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபத்தில் இல்லை, பயத்தில்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறாய். நம் அம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை மறந்துவிட்டாயா, இல்லை பாஸ்போர்ட்டோடு சேர்த்து மாற்றிவிட்டாயா? உனக்கு முன்னால் பிறந்த ரெண்டும் தங்கவில்லை. ரெண்டுக்கும் வாய் நிறையப் பெயர் வைத்தார்கள். நீ பிறந்ததும் உன்னைச் சாம்பல்மேட்டில் கொண்டுபோய்ப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, அம்மா ஒரு கைப்பிடி உப்புக் கொடுத்து உன்னை வாங்கிக்கொண்டாள். தஷ்தாந்தி. யாருக்கும் வேண்டாத குப்பை. எந்தக் கண்ணும் படாது, எந்தச் சாவும் தொடாது. நீ பிழைத்துக்கொண்டாய். பதினாறு வயதில் வெட்கப்பட்டு மெதெர் ஆனாய்.

அலாரமும் அப்படித்தான். முதலில் கட்டியதற்கு மூஸ்-கோல் என்று பெயர் வைத்தேன். முதல் குளிரிலேயே ஊமையாகிவிட்டது. அடுத்ததற்கும் நல்ல பெயர்தான். ஒரே வாரத்தில் போய்விட்டது. மூன்றாவதற்கு உன் பெயரை வைத்தேன். சிரித்துக்கொண்டேதான் வைத்தேன், ஆனால் வைத்தேன். செத்த கூட்டை வாசலில் திருஷ்டிபொம்மை மாதிரி விட்டு வைத்தேன், கண் படுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. நீ பார்த்துவிட்டுப் போய்விட்டாய். நம் ஊரில் பிறந்த ஒருவன் குப்பை என்ற பெயரைக் கண்டால் ஒரு நிமிடம் நிற்பான் என்று நம்பியிருந்தேன் போலிருக்கிறது.

போகட்டும். இப்போது கேள். இறங்கி வந்து கிராமத் தலைவி ஜிபாராவிடம் சொன்னேன். ஊரைக் கூட்டினோம். வைக்கோல் அறுப்பு நேரம், வெயில் விடாமல் காய்கிறது, ஒருவர் முகத்திலும் மலையேறும் எண்ணமில்லை.

துய்ஷோ எழுந்து நின்று போனைத் தூக்கிக் காட்டினான். "டீச்சர், மூணு வருஷமா நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது என்ன? போன் கத்தினா ஓடு, கத்தலன்னா தூங்கு. இது கத்தலையே. தூங்க விடுங்க."

"அது செத்துப்போச்சு துய்ஷோ. அதான் கத்தல" என்றேன்.

"அப்ப நீங்க கட்டினது சாகும்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜிபாரா மட்டும் சிரிக்காமல், "போன் கத்தட்டும் சாய்கால். ஊரை நான் கூட்டிட்டுப் போறேன். உங்க வாய்ப்பேச்சுக்கு இவங்க வரமாட்டாங்க" என்றாள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் வாயை நம்பாதே, கருவியை நம்பு என்று பழக்கியவள் நான்.

அதனால் நீ அடி. அலாரம் செத்திருந்தால் உன் கையாலேயே அபாயச் செய்தி அனுப்பி அடி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் எண்களை எல்லாம் இதோடு அனுப்பியிருக்கிறேன். அதே பெயரில், அதே சத்தத்தில் போக வேண்டும்.

சாய்கால்


பிஷ்கெக்
ஜூலை 7

அக்கா,

அடித்துவிட்டேன். ஊருக்கு மேலே மேய்ச்சல் வெளியில் இருக்கும் டவர் வழியாக உங்கள் போன்கள் பேசுகின்றன, அதனால் மேலே போய்விட்டீர்கள் என்று தெரிகிறது. மூச்சு வந்தது.

தலைவரிடம் முன்கூட்டியே சொன்னேன். ஒளித்துச் செய்யக் கூடாது என்று நினைத்தேன், முட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சென்சார் சொல்லாம அடிச்சா அது அலாரம் இல்ல தம்பி, வதந்தி. வதந்திக்கு இந்த நாட்டுல கம்பி எண்ண வைப்பாங்க. அதுவும் சேவை மே மாசமே செத்துப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனியே காலி. நீ ஒண்ணும் பார்க்கல, நானும் ஒண்ணும் பார்க்கல. அமைதியா திரும்பக் கட்டு."

இந்த முறை நான் தலையாட்டவில்லை. வெளியே வந்து அடித்துவிட்டேன். உன்னிடம் பாராட்டு வாங்க எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

திரும்பக் கட்டுவது மெதுவாகத்தான் நகர்கிறது. நீ அனுப்பியது பழைய நிரல், சென்சார்கள் அதன்பிறகு வேறு மொழி பேசப் பழகிவிட்டன. நான் கட்டி முடிக்கும் வரை யாரையும் கீழே விடாதே.

மெதெர்


சோங்-சாய் மேய்ச்சல் வெளி
ஜூலை 11

மெதெர்,

விடாதே என்றாய். விட்டுவிட்டேன். என்னால் பிடித்து வைக்க முடியவில்லை.

மூன்று இரவு எல்லாரும் மேலே இருந்தார்கள். மேய்ச்சல்காரர்களின் கூடாரங்களில் பிள்ளைகள், குதிரைப்பாலும் காய்ந்த ரொட்டியும். முதல் நாள் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் முணுமுணுப்பு. மூன்றாம் நாள் மழை. கீழே அறுத்துப் போட்ட வைக்கோல் முழுக்க நனைந்தது. துய்ஷோவின் தேனீக்கள் ஆளில்லாத நேரத்தில் கூட்டோடு கிளம்பிப் போய்விட்டன. ஏரி அசையவில்லை.

நேற்று மாவட்ட ஆபீசிலிருந்து எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு வந்தது. உன் எர்கின்பெக் எழுதிக் கொடுத்ததாம். 7ஆம் தேதி வந்தது உண்மை அலாரம் இல்லை, கணினிப் பராமரிப்பின்போது தவறுதலாகப் போன மாதிரிச் செய்தி, மக்கள் அச்சப்பட வேண்டாம் என்று. அதைத் துய்ஷோ எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாதிரியாம் டீச்சர். எங்க குளிர்காலத்துத் தீனி போச்சு, என் தேனீ போச்சு, உங்க வீட்டுப் புள்ளைக்கு மாதிரி ஓட்டிப் பார்க்க நாங்கதான் கெடச்சோமா?" என்று கேட்டான்.

அங்கேயே, என் கண்ணெதிரே, ஒவ்வொருவராகப் போனை எடுத்து அலாரம் எண்ணை அடைத்தார்கள். எப்படி அடைப்பது என்று தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா. ஜிபாரா கடைசியாக அடைத்தாள். "என்னால முடிஞ்சவரைக்கும் நின்னேன்" என்றாள். மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

நான் இறங்கவில்லை. இங்கிருந்து ஏரியின் ஒரு ஓரம் தெரிகிறது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாய்கால்


பிஷ்கெக்
ஜூலை 13, காலை

அக்கா,

ரெண்டு செய்தி, ரெண்டும் நல்ல செய்தி.

ஒன்று, அலாரம் உயிரோடு இருக்கிறது! ஆபீசில் என் கடவுச்சொல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்து என் சொந்தக் கணக்கில் கட்டினேன். சென்சார்களையும் பழைய அலாரம் எண்ணையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். விடியற்காலையிலிருந்து அளவுகள் வந்து விழுகின்றன. பார்க்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாக.

ரெண்டாவது, ஏரி குறைகிறது. விடிந்ததிலிருந்து மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது, நல்ல வேகத்தில். சிவப்புக் கோட்டைத் தாண்டி மஞ்சளுக்கு வந்துவிட்டது. ஆபத்து கடந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீயும் இறங்கிப் போய் நன்றாகத் தூங்கு. துய்ஷோவிடம் சொல், தேனீப் பெட்டிக்கு நான் பொறுப்பு.

ஒன்று மட்டும் புரியவில்லை. தண்ணீர் குறைந்தாலும் உன் நிரல் சிவப்பாகவே கத்துகிறது. அது ஏதோ பழைய பிழை என்று நினைத்து அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். சரி செய்யட்டுமா?

மெதெர்


மேய்ச்சல் வெளி
ஜூலை 13

தம்பி,

அது பிழை இல்லை. நான்தான் அப்படி எழுதினேன். இந்த வெயிலில் ஏரி ஏற வேண்டும். இறங்குகிறது என்றால் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்துவிட்டது. ஓட்டை கிடைத்துவிட்டால் அதைப் பெரிதாக்கிக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நிறுத்தியதைத் திற. அடி. விடாமல் அடி.

அவர்கள் போன் கத்தாது, தெரியும். என் போன் கத்தும். மேய்ச்சல்காரர்களிடம் ஒரு குதிரை கேட்டு வாங்கியிருக்கிறேன். கத்துகிற போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போகிறேன். இதுவும் மாதிரிதானா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எண்ணைத் திறக்கச் சொல்லி என் கையாலேயே திறந்துவிடுகிறேன்.

நீ என்னைக் கூப்பிடாதே, லைன் அலாரத்துக்கு வேண்டும். நாற்காலி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. வந்து பேசிக்கொள்வோம்.

சாய்கால்


பிஷ்கெக்
ஜூலை 13, மாலை

அக்கா,

அடித்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிடாதே என்றாய், கூப்பிடவில்லை. நீ எப்போது பார்ப்பாயோ, எழுதி வைக்கிறேன்.

முதலில் உன் போன் ஒன்றுதான் 'சேர்ந்தது' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வைத்தே நீ இறங்குவதைப் பார்த்தேன். மேய்ச்சல் வெளி டவர், பிறகு பள்ளிக்கூட டவர். கொஞ்ச நேரத்தில் ஜிபாராவின் எண் திறந்தது! நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு அவள் பக்கத்து வீடு. பிறகு மேல்தெரு முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, நீ கதவு தட்டுகிற வரிசையிலேயே. துய்ஷோ ரொம்ப நேரம் திறக்கவில்லை. என்ன பேசினாயோ, அவனும் திறந்துவிட்டான்.

திறந்த எண்கள் எல்லாம் பள்ளிக்கூட டவரை விட்டு மேலே ஏறுவதைப் பார்த்தேன். இப்போது எல்லாம் மேய்ச்சல் வெளியிலிருந்து பதில் சொல்கின்றன. நீ கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கீழ்த்தெருவில் ஆற்றோரம் இரண்டு வீடு மட்டும் திறக்கவில்லை. நீ அங்கேதான் போய்க்கொண்டிருந்தாய்.

ஏரியிலிருந்து அளவு வருவது நின்றுவிட்டது. கடைசியாக வந்தது சைபர்.

அந்த இரண்டு வீட்டில் ஒன்று திறந்தது. திறந்த உடனே பள்ளிக்கூட டவர் போய்விட்டது. மின்சாரம் போயிருக்கும். அந்தப் பக்கம் அடிக்கடி போகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஜிபாராவுக்குக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தமும், அதற்கும் பின்னால் லாரிகள் ஓடுகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. "எல்லாரும் மேல வந்துட்டோம். டீச்சர் எங்க? உங்ககிட்ட பேசினாங்களா?" என்று என்னிடம் கேட்கிறாள்.

உன் போன் எந்த டவருக்கும் பதில் சொல்லவில்லை. மேலே ஏறுகிற வழியில் சிக்னல் இருக்காது, அதுதான். நான் அடிப்பதை நிறுத்தவில்லை, அக்கா. எடு.